முற்றத்தில் கார் திருத்த எதை முதலில் வாங்குவது?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2009 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்ஸியோ ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கியிருக்கிறாராம். ஒயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது, பிரேக் பார்ப்பது போன்ற வேலைகளை இனித் தானே வீட்டில் செய்ய விரும்புகிறார். எந்தக் கருவிகளை, எந்தப் பெயரில் வாங்கலாம். நகரத்துக் கடையில் கண்ட 150 துண்டுப் பெட்டியை வாங்கிவிடலாமா. அப்பா விட்டுச்சென்ற பழைய கருவிப் பெட்டி உதவுமா? இவை மூன்றும்தான் அவருடைய கேள்விகள்.

தம்பி, அந்த 150 துண்டுப் பெட்டியை இப்போது வாங்க வேண்டாம். கையில் இருக்கும் காசில் முதலில் ஒரு சோடி உருக்குத் தாங்கிகளை வாங்குங்கள். ஜக்கால் தூக்கிய காரைப் பிடித்து நிறுத்துகிற, முக்கோணக் கால் வைத்த, பல் பல்லாக உயரம் மாற்றக்கூடிய தாங்கிகளைச் சொல்கிறேன். மூன்று தொன் என்று குறித்த சோடி போதும். உங்கள் கார் ஆயிரத்துச் சொச்சம் கிலோ. அதில் ஒரு முனையை மட்டுமே ஒரு நேரத்தில் தூக்கப் போகிறீர்கள். இருந்தாலும் மூன்று தொன் தாங்கியின் அடிப்பாகம் அகலமானது, இரும்பு தடித்தது. அந்த அகலத்துக்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

காரோடு வருகிற கத்தரி ஜக், வீதியில் ரயர் மாற்றுவதற்கு மட்டும் ஆனது. அதை நம்பி உடம்பில் ஒரு பகுதியைக்கூடக் காருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. சில்லு வைத்த இரண்டு தொன் ஐதரோலிக் ஜக்கும் தூக்குவதற்கு மட்டுந்தான். அதனுள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறிய இறப்பர் வளையம். அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு: வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல்லைக் காருக்கு அண்டை கொடுப்பது. உள்ளே குழி விட்ட சீமெந்துக் கல் சுவரில் வரிசையாக நிற்கும்போது பாரம் தாங்கும். ஒரு புள்ளியில் இரும்பு முனை அழுத்தும்போது எந்த அறிவித்தலும் இல்லாமல் நொறுங்கிவிடும். பனங்குற்றி உருளும். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

தாங்கியை எங்கே வைப்பது என்பது யாழ்ப்பாணத்தில் தனிக் கேள்வி. பெரும்பாலான வீட்டு முற்றங்கள் மணல், அல்லது மழைக்குப் பிறகு இளகுகிற செம்மண். மணலில் ஜக்கின் சிறிய சில்லுகள் புதைந்துவிடும். காரைத் தூக்கத் தூக்க ஜக் முன்னோக்கி உருண்டு வர வேண்டும். புதைந்த ஜக் உருளாது. அதனால் காரைத்தான் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே ஒன்றரை அங்குலத் தடிப்பில், இரண்டடிக்கு மூன்றடியாவது இருக்கிற நல்ல பலகை ஒன்றும், ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு சதுரப் பலகையும் வெட்டுவித்து வையுங்கள். மரக்காலையில் கேட்டால் துண்டுப் பலகை கிடைக்கும். கை பிரேக்கைப் போட்டு, நிலத்தில் இருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தூக்கி, தாங்கியில் இறக்கிய பிறகு இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். அப்போது அசையாத காருக்குக் கீழேதான் போக வேண்டும். கழற்றிய சில்லையும் காரின் ஓரத்துக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். தற்செயலாக எல்லாம் தவறினாலும் அந்தச் சில்லு ஒரு சாண் இடைவெளியைக் காப்பாற்றித் தரும்.

இனி அளக்கிற கருவிகள். ஸ்பனர் வாங்குவதற்கு முன்னர், வோல்ற் அளக்கிற மல்ரி மீற்றர் ஒன்றை வாங்குங்கள் என்று நான் சொன்னால் பலரும் வியப்படைகிறார்கள். மானிப்பாயில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவரின் கார் காலையில் கிளம்ப மறுத்தது. திறப்பைத் திருப்பினால் ஒரு முனகல், பிறகு டிக் டிக் என்ற சத்தம். பற்றரி முடிந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். பற்றரிக்கு வயது இரண்டுகூட ஆகவில்லை. நான் மீற்றரை எடுத்து பற்றரியின் இரண்டு ஈய முளைகளிலும் வைத்தேன்: 12.5 வோல்ற். அது நல்ல பற்றரியின் எண். மாஸ்ரரைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். முளையில் 11க்கு மேலேயே நின்றது. பிறகு மீற்றரின் ஒரு முனையை ஈய முளையிலும், மறு முனையை அந்த முளையைக் கவ்விப் பிடித்திருக்கும் கவ்வியிலும் வைத்து மீண்டும் திருப்பச் சொன்னேன். ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கிடையே ஏறக்குறைய எதுவுமே காட்டக் கூடாது. அங்கே 2.4 வோல்ற் காட்டியது. கவ்வியைக் கழற்றினால் உள்ளே நீலமும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. வெந்நீரில் இரண்டு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினோம், நுரைத்துக் கழன்றது. கம்பித் தூரிகையால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் பூசினோம். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

எனவே நினைவில் வைத்திருக்க வேண்டிய எண்கள் சில. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் செய்யாமல் விடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ என்று நாம் சொல்கிற ஒல்ரனேற்றர் சரியாக வேலை செய்கிறது. பற்றரியைக் கழற்றும்போது முதலில் மறை (–) முளையின் கவ்வி, பூட்டும்போது கடைசியாக அதே கவ்வி. மீற்றரில் ஒரு எச்சரிக்கை: சிவப்பு வயரை அம்பியர் துளையில் செருகிவிட்டு மறந்துபோய் பற்றரியின் இரு முளைகளிலும் வைத்தால் அது நேரடி ஷோர்ட். வயர் உருகும், கை சுடும். அளக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள். மீற்றர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. புளூக் என்ற பெயரில் வருவது மிக நல்லது, ஆனால் கார் வேலைக்கு அந்த விலை தேவையில்லை. வீட்டு மின்சாரத்தையும் அளக்கும் நினைப்பு இருந்தால் மட்டும் மலிவானதைத் தவிருங்கள்.

அளக்கிற கருவிகளில் இரண்டாவது, முறுக்கு அளவுகாட்டும் ஸ்பனர். மெக்கானிக்குகள் ரோர்க் ஸ்பனர் என்பார்கள். இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். முன்பு ஒரு கராஜில் ஒயில் மாற்றக் கொடுத்த என் காரின் ஒயில் வடிக்கிற போல்ட்டை, அங்கே நின்ற பையன் நீண்ட குழாய் போட்டு இறுக்கியிருக்கிறான். அடுத்த முறை நான் கழற்றியபோது போல்ட்டோடு அலுமினிய மரையும் சுருள் சுருளாக வெளியே வந்தது. ஒயில் சட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் அக்ஸியோவின் 1.5 லீற்றர் எஞ்சினில் அந்தப் போல்ட்டுக்கு ஏறக்குறைய 37 நியூட்டன் மீற்றர்தான் வேண்டும். சாதாரண ஸ்பனரை ஒரு கையால் பிடித்து, மணிக்கட்டால் மட்டும் இழுக்கிற அளவு. சில்லு நட்டுக்கு 103. இந்த இரண்டு எண்களுக்கும் சேர்த்து ஒரே கருவி வேண்டும் என்றால், பெரும்பாலானோர் வாங்குகிற அரை அங்குலத் தலைக் கருவியைத் தவிர்த்து, எட்டில் மூன்று அங்குலத் தலையுடன் 20 முதல் 110 வரை அளக்கிறதைத் தேடுங்கள். அரை அங்குலக் கருவி பலவற்றில் 40க்குக் கீழே அளவு நம்பகமாக இருப்பதில்லை. வேலை முடிந்ததும் அதன் கைப்பிடியைச் சுற்றி மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். உள்ளே இருக்கும் வில்லு அப்போதுதான் தளராது. நட் கழற்றுவதற்கு அதைப் பாவிக்கவே கூடாது. ஒயில் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். மிக மலிவான பொருள், ஒழுக்கை நிறுத்துவது அதுதான்.

ரயர் காற்றளவு பார்க்கும் கைக்கருவியும் இந்த வரிசைதான். எவ்வளவு காற்று என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உண்டு. காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள்.

இனி ஸ்பனர்களுக்கு வருகிறேன். யப்பான் கார்களில் நீங்கள் தொடுகிற போல்ட்டுகளில் பெரும்பங்கு 10, 12, 14 மில்லிமீற்றர். அதற்கு மேல் 8, 17, 19, 21. இந்த ஏழையும், போல்ட்டின் தலையை மூடிப் பிடிக்கிற சொக்கெற்றாகவும், ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் திறந்த வாயும் உள்ள ஸ்பனராகவும் நல்ல தரத்தில் வாங்கினால் உங்கள் வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும். 150 துண்டுப் பெட்டியில் இந்த ஏழும் இருக்கும். மிச்சம் உங்கள் காரில் எங்குமே பொருந்தாத துண்டுகள். காசெல்லாம் எண்ணிக்கைக்குப் போவதால் முக்கியமான 10உம் 12உம் மெல்லிய உருக்கில் இருக்கும். சொக்கெற் வாங்கும்போது உள்ளே ஆறு மூலை இருப்பதையே கேளுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது போல்ட்டின் நுனி மூலைகளை மட்டும் பிடிக்கும். கறள் ஏறிய போல்ட்டில் அது வழுக்கித் தலையை உருட்டிவிடும். 10 மில்லிமீற்றர் சொக்கெற்றை மட்டும் இரண்டாக வாங்குங்கள். எஞ்சினுக்குள் விழுந்து மறைவது அதுதான்.

இவற்றோடு மூன்று அங்குலமும் ஆறு அங்குலமும் நீளமான இணைப்புத் தண்டுகள், பிளக் கழற்ற 16 மில்லிமீற்றர் நீள சொக்கெற், ஒயில் பில்ரருக்குக் கிண்ண வடிவச் சாவி. உங்கள் எஞ்சினின் சிறிய பில்ரருக்கு 65 மில்லிமீற்றர், 14 மடிப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். பில்ரரைக் கழற்றத்தான் அந்தச் சாவி. பூட்டும்போது இறப்பர் வளையத்தில் புது ஒயில் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பில்ரரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில் பிடிக்கும். நான்கு லீற்றர் கானில் சொச்சம் மிஞ்சும், முழுவதையும் ஊற்றிவிடாதீர்கள்.

பெயர்களைக் கேட்டிருந்தீர்கள். யப்பானின் கேரீசி, கோக்கென் இரண்டும் என் கைக்கு மிகப் பிடித்தவை. பாவித்தவை எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். தாய்வானின் கிங் ரோனி, ரொப்ருல் நடுத்தர விலையில் மிக நம்பகமானவை. வீட்டு வேலைக்கு அவற்றுக்கு மேல் தேவையே இல்லை. இந்தியாவின் தப்பாரியா குறடுகளும் ஸ்பனர்களும் விலைக்கு மிஞ்சிய தரம். எங்கள் கடைகளில் எங்கும் காணப்படுகிற இங்கோ, ரோட்டல் போன்றவை, மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ஜக், விளக்கு, ஒயில் புனல் போன்றவற்றுக்குச் சரி. 10, 12, 14 சொக்கெற்றுகளை மட்டும் ஒரு படி மேலே வாங்குங்கள் என்பது என் கருத்து.

திருப்புளியிலும் ஒரு விடயம் உண்டு. யப்பானியத் திருகாணியின் சிலுவை வெட்டு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனையோடு முழுமையாகப் பொருந்தாது. முனை மேலே ஏறி வழுக்கி வெட்டைத் தின்றுவிடும். ஹொண்டாக் காரின் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளில் பலருடைய ஞாயிற்றுக்கிழமை வீணாகிப் போவது இதனால்தான். வெசல் என்ற யப்பான் பெயரில், சுத்தியலால் மேலே அடித்தால் திரும்புகிற திருப்புளி கிடைத்தால் வாங்கி வையுங்கள். உங்கள் அக்ஸியோவில் இந்தத் தொல்லை இல்லை. அதன் பின் சில்லின் பிரேக் டிரம் கழன்று வராமல் பிடிவாதம் பிடித்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். 8 மில்லிமீற்றர் மரைப் போல்ட் இரண்டை அவற்றில் பூட்டி மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாகவே வெளியே தள்ளப்பட்டு வரும். கை பிரேக்கை விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டும். அந்த இரண்டு போல்ட்டுகளும் என் பெட்டியில் ஒரு சிறு தகரப் பேணியில் தனியாகவே இருக்கின்றன.

கறள் எங்கள் ஊரின் பெரும் எதிரி. பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்கோ, காரைநகர்ப் பாதையாலோ நாளாந்தம் போய்வருகிற காருக்கு அடிப்பாகம் உப்பில் ஊறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட காரில் வேலை செய்வதற்கு முதல் நாள் மாலையே போல்ட்டுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் அடித்துவிட வேண்டும். டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றுவதற்காகப் பிறந்தது. இலேசான கறளுக்கு உதவும். இறுகிப்போனதற்கு, ஊடுருவும் எண்ணெய் என்றே விற்பது வேறு. தேங்காயெண்ணெய் தடவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது இந்த வேலைக்கு ஆகாது. அலுமினியச் சில்லு கழன்று வராமல் ஒட்டிப்போவதும் இங்கே வழமை. சில்லு அமர்கிற இரும்பு முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து செப்புக் கிறீஸை மிக மெல்லிதாகத் தடவுங்கள். நட் பூட்டுகிற மரையில் மட்டும் தடவ வேண்டாம். கிறீஸ் பட்ட மரையில் 103 என்று நீங்கள் இறுக்குவது உண்மையில் அதைவிட அதிகமாக இழுத்துவிடும்.

இனி நீர். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீர் அந்தக் கல்லினூடாக வடிந்து வருவது. உங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே பாருங்கள்: அடியிலும் பக்கத்திலும் வெள்ளையாகக் காறை படிந்திருக்கும். கொதிக்கும்போது நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே வந்து ஒட்டிக்கொள்கிறது. இதே நீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே காறை, விரல் நுழையாத மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள்ளும், எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் படியும். கேத்தலைத் தேசிக்காய்ப் புளியால் கழுவிவிடலாம். ரேடியேற்றரைப் பல நேரங்களில் மாற்றத்தான் வேண்டியிருக்கும். சூடு ஏறுகிறது என்று வருகிற கார்களில் முன்பு யாரோ கிணற்று நீர் ஊற்றிய அடையாளத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

பனி உறையாத ஊருக்கு, ரேடியேற்றருக்கு ஊற்றுகிற கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கறளையும் அரிப்பையும் தடுப்பது, கொதிநிலையை உயர்த்துவது, நீர்ப் பம்பில் ஒழுக்கைத் தடுக்கிற சீல் வளையத்தைக் காப்பது ஆகியவை எங்களுக்கு வேண்டியவை. உங்கள் காருக்கு ரொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிறக் கூலன்ட் சரியானது. அது நீர் கலந்த நிலையிலேயே வருகிறது. மேலும் நீர் சேர்க்கக் கூடாது. செறிவானதாக வருவதை வாங்கினால் பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள். மிக மலிவாகப் பச்சை நிறத்தில் போத்தல் போத்தலாக விற்பனையாவதில் பல, நிறம் போட்ட நீரைவிட அதிகமில்லை. பெயரும் தரக்குறிப்பும் இல்லாததைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம். மேற்குழாயைக் கையால் பிடித்துப் பார்த்து, ஆறிய பிறகு, தடித்த துணி போட்டுத் திறவுங்கள்.

பிரேக் எண்ணெய் இதற்கு நேர்மாறான பிரச்சினை உடையது. அது காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே குடிக்கும். எங்கள் கடற்கரை ஈரக்காற்றில் அதைச் சொல்லத் தேவையில்லை. டொட் 3 என்ற தரத்தில் வருகிற புதிய பிரேக் எண்ணெய் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து வைத்துப் பாதி பாவித்த போத்தலை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்க வேண்டாம். அது சிந்திய இடத்தில் பெயின்ற் உரிந்துவிடும், உடனே நீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயால் கழுவுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் பிரேக்கின் இறப்பர் வளையங்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அதற்கென்று விற்கிற பிரேக் கிளீனர் தகரம் ஒன்று போதும். முன் பிரேக் பாட் மாற்றுவதற்கு 14 மில்லிமீற்றர் ஸ்பனரும், பிஸ்ரனை உள்ளே தள்ள ஒரு சி வடிவக் கவ்வியும் தேவை. பாட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரை இறப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். பாட் 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். முதல் முறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எல்லாம் பூட்டி முடித்த பின், காரை எடுக்க முன்னர், பிரேக் மிதி இறுகும்வரை பல தடவை மிதிக்க வேண்டும். இதை மறந்து ஒழுங்கையில் இறங்கியவர்கள் மதிலில் போய் நின்றிருக்கிறார்கள்.

காற்று பில்ரருக்குக் கருவியே தேவையில்லை, கிளிப்பைத் திறந்தால் வந்துவிடும். சோளகம் வீசுகிற மாதங்களில் செம்மண் தூசு எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் எழுதிய கிலோமீற்றர் வரை காத்திராமல் சோளகம் ஓய்ந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எஞ்சின் விளக்கு எரிந்தால் காரணம் பார்க்க, காரின் பிழைக் குறியீட்டை வாசித்துக் கைப்பேசியோடு புளூரூத்தில் பேசுகிற சிறிய ஓபிடி கருவி உண்டு. இஎல்எம்327 என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் நகல்கள்தான். இருந்தாலும் குறியீட்டை வாசிக்கப் போதும். உங்கள் ஆண்டுக் காரில் அனேகமாக வேலை செய்யும். யப்பானுக்குள் விற்பதற்கென்று செய்த சில பழைய கார்கள் பதில் சொல்வதில்லை என்பதால், காசு கொடுக்க முன்னர் கடை வாசலிலேயே காரில் மாட்டிப் பாருங்கள். அது தருகிற குறியீடு, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை, எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பி0301 என்று வந்தால் முதலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. உடனே கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பாகக் கடைகளில், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற கொயில் தேட வேண்டாம். ஒவ்வொரு கொயிலையும் பிடித்திருப்பது ஒரேயொரு 10 மில்லிமீற்றர் போல்ட். முதலாம் கொயிலை இரண்டாவதின் இடத்திலும் இரண்டாவதை முதலாவதின் இடத்திலும் மாற்றிப் பூட்டிக் குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். அடுத்து பி0302 வந்தால் கொயில்தான் குற்றவாளி. மீண்டும் பி0301 வந்தால் பிளக்கையோ, எரிபொருளைத் தெளிக்கிற இன்ஜெக்ரரையோ பாருங்கள். பத்து நிமிட வேலை, ஒரு கொயிலின் விலை மிச்சம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்கள்தான் எங்களிடம் நீண்ட காலம் ஓடின. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்த பின்னும் புதியது வாங்குவது எல்லோருக்கும் இயலாது. ஆகவே பாகத்தை மாற்றுவதற்கு முன் சோதிப்பது எங்களுக்குக் கட்டாயமாகிறது.

பிளக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்ஜிகே, டென்சோ இரண்டில் எதுவானாலும் சரி, போலி மலிந்திருப்பதால் பற்றுச்சீட்டுத் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். பூட்டும்போது முதல் சுற்றுகளை சொக்கெற்றையும் தண்டையும் மட்டும் விரலால் பிடித்துத் திருப்புங்கள். மரை மாறி ஏறினால் விரலுக்கு உடனே தெரியும், கைப்பிடிக்குத் தெரியாது. விரலால் முடிந்தவரை போன பிறகு, புதிய பிளக் என்றால் அரைச் சுற்றுக்குச் சற்று அதிகம்.

நீங்கள் தொடக் கூடாதவையும் உண்டு. மஞ்சள் நிறச் செருகி உள்ள எந்த வயரும் காற்றுப்பைக்குப் போவது. ஏசி வாயுவை வெளியேற்றுவது வீட்டில் செய்யும் வேலை ஆகாது. உங்கள் உறவினர் யாராவது அக்குவா, பிரியஸ் போன்ற, பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட் கார் கொண்டுவந்து காட்டினால், செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களைத் தொட வேண்டாம். அக்குவாவில் 144 வோல்ற், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 201 வோல்ற்றுக்கு மேல். அந்தக் கார்களுக்கு நீங்கள் செய்து கொடுக்கக்கூடிய பெரிய உதவி, பின் இருக்கைப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துளையின் தூசை எடுப்பது.

கடைசியாக வாங்க வேண்டியதாகப் பலர் நினைப்பது ஒயில் பிடிக்கும் தட்டு. நான் அதைத் தாங்கிக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். வாய் அகன்ற, ஆறு லீற்றராவது கொள்கிற, மூடியுள்ள தட்டு வாங்குங்கள். கழித்த ஒயிலை வேலிக் கதியாலுக்கும் மரத்துக்கும் கறையான் வராமல் பூசுவதும், வளவு மூலையில் ஊற்றிவிடுவதும் எங்கள் ஊரில் நடப்பதுதான். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது எத்தனை குடும்பங்கள் பவுசர் நீருக்காக வரிசையில் நின்றன என்பதை நாங்கள் மறக்க முடியாது. அது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது. அது பெரிய அளவில் நடந்தது. உங்கள் 3.7 லீற்றர் உங்கள் கிணற்றுக்குப் போதும். பழைய கானிலேயே ஊற்றி மூடி, கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்க்கிற கராஜில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்பாவின் பெட்டி பற்றி. அவர் வைத்திருந்தது மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ என்றால் அந்த ஸ்பனர்கள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 12 போல்ட்டில் போட்டால் சுழன்று தலையை உருட்டும். பதினாறில் ஒன்பது அங்குலம் 14.3, 14இல் உட்காருவது போலத் தோன்றும், இறுகிய போல்ட்டில் வழுக்கும். முக்கால் அங்குலம் மட்டும் 19.05, அதை 19 மில்லிமீற்றராகவே பாவிக்கலாம். மற்றவற்றைக் காரில் போடாதீர்கள். பழைய நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு உதவும். ஆனால் பெட்டியின் அடியில், கத்தி போல மடிகிற மெல்லிய தகடுகளின் கட்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தகட்டிலும் அதன் தடிப்பு எண்ணாகப் பொறித்திருக்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில், சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் பிளக்குகள் வாரத்துக்கு வாரம் கரி பிடிக்கும். என் அப்பா திண்ணையில் இருந்து அவற்றைச் சுரண்டி, அந்தத் தகட்டை இடைவெளியில் விட்டு இழுத்துப் பார்ப்பார். இலேசாக உரசிக்கொண்டு வர வேண்டும் என்பார். உங்கள் காரின் பிளக் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். அங்குலத்தில் 0.043 ஆகும். ஒரே தகட்டில் அந்த எண் இல்லாவிட்டால் இரண்டைச் சேர்த்துப் பிடியுங்கள். இரிடியம் பிளக் என்றால் நுனியைத் தொடாமல் அளந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள், வளைக்க வேண்டாம். தகடுகளைத் துடைத்து ஒரு துளி ஒயில் பூசி, பழந்துணியில் சுற்றி, உங்கள் புதுப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள்.